பாதி எஞ்சின் போதுமென்றால் மீதிப் பாதி எதற்கு?

மாணவர்களே, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக ஓடும் கார் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் எஞ்சின் அப்போது எவ்வளவு உழைக்கிறது? முழு மூச்சாக உழைக்கிறது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். இயற்பியல் பாடத்தில் நீங்கள் படித்ததை வைத்தே இதைச் சரிபார்த்துவிடலாம்.

ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோகிராம் எடையுள்ள நடுத்தரக் கார் என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் சீரான வேகத்தில் ஓடும் காருக்கு முடுக்கம் இல்லை. எனவே எஞ்சின் இரண்டு எதிர்ப்புகளை மட்டும் சமாளித்தால் போதும். முதலாவது, டயர் உருள்வதால் உண்டாகும் எதிர்ப்பு. அது காரின் எடையில் சுமார் நூறில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 130 நியூட்டன். இரண்டாவது, காற்றின் எதிர்ப்பு. காரின் இழுவை எண் 0.3, முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், இந்த வேகத்தில் அது சுமார் 360 நியூட்டன். இரண்டையும் கூட்டினால் 490 நியூட்டன். 110 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 30.6 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 15 கிலோவாட் வரும்.

பதினைந்து கிலோவாட் என்பது 20 குதிரைத்திறன். 1.5 லிட்டர் எஞ்சின் கொண்ட சாதாரணக் குடும்பக் காரே 75 கிலோவாட் வரை தரும். 3.5 லிட்டர் வி6 எஞ்சின் 200 கிலோவாட்டைத் தொடும். அப்படியென்றால் முதல் கார் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டாவது கார் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தவில்லை. மீதித் திறனெல்லாம் லாரியை முந்துவதற்கும், கெந்திங் மலை ஏறுவதற்கும், சமிக்ஞை விளக்கு பச்சையானதும் பாய்வதற்கும் காத்துக்கிடக்கிறது.

இந்த இடைவெளியைப் பார்த்த பொறியாளர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. வேலை குறைவாக இருக்கும்போது சில சிலிண்டர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டால் என்ன? நான்கில் இரண்டு, எட்டில் நான்கு என்று நிறுத்திவிட்டு, மிதியை அழுத்தியவுடன் மீண்டும் எழுப்பிக்கொள்ளலாமே! இன்று பல நிறுவனங்களின் கார்களில் இந்த வசதி இருக்கிறது. விளம்பரத்தில் இதைப் பார்த்துவிட்டு, எதிர்காலக் காருக்கு இதுதான் வழி என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி எஞ்சினை உறங்க வைப்பது புத்திசாலித்தனமான வேலை. அந்தப் பாதியை முதலிலேயே சுமக்காமல் இருப்பது அதைவிடப் புத்திசாலித்தனம்.

எரிபொருளும் பாதியாகுமா?

இரண்டு சிலிண்டர்கள் நின்றால் பெட்ரோல் செலவும் பாதியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அது தவறு. நான்கு பேர் சுமந்த பல்லக்கை இரண்டு பேர் சுமந்தால் பல்லக்கின் எடை குறைந்துவிடுவதில்லை. காருக்குத் தேவையான 15 கிலோவாட் அப்படியேதான் இருக்கிறது. ஓடும் சிலிண்டர் ஒவ்வொன்றும் இரு மடங்கு உழைக்கிறது. அப்படியானால் மிச்சம் எங்கிருந்து வருகிறது?

அதைப் புரிந்துகொள்ள, ஊசி மாட்டாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சு போதும். அதன் நுனியை விரலால் அடைத்து, மயிரிழை அளவு மட்டும் இடைவெளி விட்டு, உள்தண்டை வேகமாக இழுத்துப் பாருங்கள். கைக்கு வேலை அதிகம். காற்று சிறிது சிறிதாக உள்ளே நுழைந்துவிடுவதால், தண்டை விட்டாலும் அது பழைய இடத்துக்குத் திரும்பாது. நீங்கள் செலவழித்த ஆற்றல் போனது போனதுதான்.

பெட்ரோல் எஞ்சின் லேசான வேலை செய்யும்போது நடப்பதும் இதுவே. காற்று நுழையும் வழியில் த்ராட்டில் என்னும் வட்டத் தகடு ஒன்று இருக்கிறது. நீங்கள் மிதியை லேசாக அழுத்தினால் தகடும் லேசாகத்தான் திறக்கும். குறைந்த காற்று, குறைந்த பெட்ரோல், குறைந்த விசை. ஆனால் பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழிறங்கும்போதும் அந்தக் குறுகிய இடைவெளி வழியே காற்றை இழுக்கப் போராட வேண்டும். இதற்கு உறிஞ்சல் இழப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். நல்ல சுமையில் பெட்ரோலின் ஆற்றலில் 35 விழுக்காட்டுக்கு மேல் பயனுள்ள வேலையாக மாற்றக்கூடிய எஞ்சின், மிக லேசான சுமையில் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எஞ்சினின் உள் உராய்வு இன்னொரு காரணம்.

இப்போது அதே சிரிஞ்சின் நுனியை முழுவதுமாக அடைத்து, தண்டை உள்ளே அழுத்திவிட்டு விடுங்கள். தண்டு தானாகத் துள்ளித் திரும்பும். உள்ளே சிக்கிய காற்று சுருள்வில் போல வேலை செய்து, நீங்கள் கொடுத்த ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது.

சிலிண்டருக்கு ஓய்வு கொடுப்பதன் இரகசியம் இந்த இரண்டு சோதனைகளிலும் அடங்கியிருக்கிறது. ஓய்வெடுக்கும் சிலிண்டரில் பெட்ரோலை நிறுத்தினால் மட்டும் போதாது. காற்று உள்ளே வரும் வால்வையும் புகை வெளியேறும் வால்வையும் சேர்த்து மூடிவிட வேண்டும். உள்ளே சிக்கிய வாயு சுருங்கி விரிந்து சுருள்வில்லாக வேலை செய்யும். வேலை செய்யும் சிலிண்டர்களுக்கோ அதிகக் காற்று தேவை. ஆகவே த்ராட்டில் அகலத் திறக்கிறது, உறிஞ்சல் இழப்பு குறைகிறது. மிச்சமாவது அந்த இழப்பில் ஒரு பகுதிதான்.

வால்வுகளை மூடாமல் பெட்ரோலை மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும்? அந்தச் சிலிண்டர் வெறும் காற்றை இழுத்து இழுத்துப் புகைக்குழாய்க்குள் தள்ளிக்கொண்டிருக்கும். புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிக் கருவி குளிர்ந்துபோகும். ஆக்சிஜனை அளக்கும் உணரி குழம்பிப்போகும். அறிவியலில் ஒரு யோசனைக்கும் அது வேலை செய்வதற்கும் நடுவில் இப்படிப்பட்ட நுணுக்கங்கள் எப்போதும் இருக்கும்.

முந்திப் பிறந்த காடிலாக்

இந்த யோசனை புதிதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன் பண்ணைகளில் தண்ணீர் இறைக்கப் பயன்பட்ட ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள் சிலவற்றில், வேகம் கூடியதும் வெடிப்பைத் தவிர்த்துவிட்டுச் சும்மா சுழலும் ஏற்பாடு இருந்தது. வேகம் குறைந்தால் மீண்டும் ஒரு வெடிப்பு. அவ்வளவு எளிமை.

கார்களில் இதைப் பெரிய அளவில் முயன்று பார்த்தது அமெரிக்காவின் காடிலாக். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975இல் கார்களின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கு அமெரிக்கா சட்டம் இயற்றியது. பெரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சின்களையே நம்பியிருந்த நிறுவனங்கள் தவித்தன. 1981இல் காடிலாக் வி8-6-4 என்ற எஞ்சினை அறிமுகப்படுத்தியது. 6 லிட்டர் கொள்ளளவு. தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு சிலிண்டர்களில் ஓடும். எத்தனை சிலிண்டர்கள் ஓடுகின்றன என்பதை ஓட்டுநருக்குக் காட்டும் திரைகூட இருந்தது.

கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? சாலையில் அது தடுமாறியது. அந்தக் காலத்துக் கணினிக்கு இந்த வேலைக்கு வேண்டிய வேகம் இல்லை. சிலிண்டர்கள் மாறும்போது கார் குலுங்கியது, தயங்கியது. கணினி நிரலைத் திரும்பத் திரும்பத் திருத்தியும் குறை முழுதாகத் தீரவில்லை. பல கார்களில் அந்த அமைப்பின் மின்கம்பியையே கழற்றிவிட்டு, எப்போதும் எட்டுச் சிலிண்டர்களில் ஓட்டினார்கள். சாதாரண மாடல்களில் அந்த எஞ்சின் ஓராண்டுக்கு மேல் நீடிக்கவில்லை.

அதற்காக அந்தப் பொறியாளர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அவர்களின் இயற்பியல் சரியாகத்தான் இருந்தது. அதைச் செய்து முடிக்கும் கருவி அப்போது கையில் இல்லை. கருவி வந்ததும் யோசனை திரும்பி வந்தது. 2012இல் ஃபோக்ஸ்வேகன் தன் 1.4 லிட்டர் டர்போ எஞ்சினில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு ஓய்வு கொடுத்தது. அந்த மாற்றம் நடந்து முடிய எஞ்சினின் வேகத்தைப் பொறுத்து 13 முதல் 36 மில்லிவிநாடி போதும். கண்ணிமைப்பொழுது என்று நாம் சொல்வது 100 மில்லிவிநாடிக்கு மேல். நீங்கள் ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் அந்த எஞ்சின் உறங்கி, விழித்து, மறுபடி உறங்கிவிடும். ஃபோர்டு நிறுவனம் 2018இல் தன் 1 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினிலேயே ஒரு சிலிண்டரை நிறுத்திக் காட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் 2019ஆம் ஆண்டு மாடல் பிக்கப் லாரிகளில் எட்டுச் சிலிண்டர்களையும் 17 வகையான வரிசைகளில் மாற்றி மாற்றி ஓட்டும் முறையைக் கொண்டுவந்தது.

எவ்வளவு மிச்சம், என்ன விலை?

இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். ஃபோர்டு சொன்ன மிச்சம் 6 விழுக்காடு வரை. அந்த ‘வரை’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஃபோக்ஸ்வேகன் சொன்னது, ஐரோப்பியச் சோதனை முறையில் 100 கிலோமீட்டருக்கு சுமார் 0.4 லிட்டர். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடி, 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் கார் 1,050 லிட்டர் பெட்ரோலைச் செலவழிக்கும். அதில் 6 விழுக்காடு என்பது 63 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோகிராம் கரியமில வாயு உண்டாகிறது. ஆகவே 145 கிலோகிராம் கரியமில வாயுவும் குறையும். இது அற்ப விஷயமன்று. இலட்சக்கணக்கான கார்களால் பெருக்கினால் பெரிய தொகை.

ஆனால் இது இலவசமாகக் கிடைப்பதில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது விநாடிக்கு சுமார் 67 வெடிப்புகள் நிகழ்கின்றன. இரண்டு சிலிண்டர்கள் நின்றால் அது 33 ஆகக் குறையும், ஒவ்வொரு வெடிப்பும் பலமாகவும் இருக்கும். காரில் இருப்பவர்களுக்கு ஒருவித உறுமலும் அதிர்வும் தெரியும். அதை அடக்கச் சிறப்பு அதிர்வுத் தாங்கிகள் வேண்டும். ஹோண்டா தன் வி6 கார்களில் உறுமலுக்கு எதிரான ஒலியை ஒலிபெருக்கி வழியே எழுப்பி அதை அழிக்கும் ஏற்பாட்டைக்கூடச் செய்தது. மாஸ்டா அதிர்வை உறிஞ்ச கியர்பெட்டியில் ஊசல் அமைப்பைச் சேர்த்தது.

நிறுத்தப்பட்ட சிலிண்டரின் பிஸ்டனும் மேலும் கீழும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதன் உராய்வு தொடர்கிறது. நீண்ட நேரம் எரியாமல் கிடக்கும் சிலிண்டருக்குள் மசகெண்ணெய் கசிந்து நுழையவும் வாய்ப்பு உண்டு. இப்படிப்பட்ட வி6 கார்கள் மசகெண்ணெயைக் குடிப்பதாகவும், தீப்பொறிச் செருகிகள் அழுக்கேறிப் போவதாகவும் அமெரிக்க வாடிக்கையாளர்கள் ஹோண்டாமீது கூட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். உத்தரவாதக் காலத்தை நீட்டிக்க நிறுவனம் இணங்கியது. பாகங்கள் கூடக்கூடப் பழுதாகும் வாய்ப்பும் கூடும். ஏழெட்டு ஆண்டுகள் கழித்து அந்தக் காரை இரண்டாங்கையாக வாங்கும் குடும்பம்தான் அந்தச் செலவைச் சுமக்கும்.

சிறிய எஞ்சினின் நியாயம்

இனி என் வாதத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலையில் அதே 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் இரண்டு எஞ்சின்களை ஒப்பிடுவோம். கியர் இழப்பையும் சேர்த்து எஞ்சின் 17 கிலோவாட் தர வேண்டும் என்று வைப்போம். 3.5 லிட்டர் வி6 நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால் அதற்குத் தேவையான முறுக்குவிசை சுமார் 80 நியூட்டன் மீட்டர். அதன் உச்ச முறுக்குவிசையில் இது கால் பங்குதான். அதனால்தான் அதற்குச் சிலிண்டர் ஓய்வு தேவைப்படுகிறது. 1.5 லிட்டர் எஞ்சின் 2,500 சுற்றில் ஓடினால் தேவை 65 நியூட்டன் மீட்டர். அது தன் உச்சத்தில் கிட்டத்தட்டப் பாதி. எந்தக் கூடுதல் பாகமும் இல்லாமலேயே சிறிய எஞ்சின் தனக்குத் தோதான சுமையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய எஞ்சின் பாடுபட்டு எட்டிப் பிடிக்கும் நிலையில் சிறிய எஞ்சின் பிறந்ததிலிருந்தே இருக்கிறது.

நம் நாட்டில் இந்தப் பாடத்தைச் சாலை வரி அமைதியாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் தனியார் செடான் கார் 1 லிட்டர் எஞ்சின் வைத்திருந்தால் ஆண்டுக்கு 20 ரிங்கிட். 1.5 லிட்டருக்கு 90 ரிங்கிட். 2 லிட்டருக்கு ஏறக்குறைய 380 ரிங்கிட். 2.5 லிட்டருக்கு 850 ரிங்கிட்டுக்கு மேல். 3.5 லிட்டரோ 4,000 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். சிங்கப்பூரிலும் பெட்ரோல் கார்களின் சாலை வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்ததே. பாதிச் சிலிண்டர்கள் உறங்குகின்றனவா, விழித்திருக்கின்றனவா என்று இந்த வரி கேட்பதில்லை. எவ்வளவு பெரிய எஞ்சினைச் சுமக்கிறாய் என்று மட்டும் கேட்கிறது. நம் சாலைகளில் 1 லிட்டர், 1.3 லிட்டர், 1.5 லிட்டர் கார்கள் நிறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெரோடுவா அத்திவாவின் 1 லிட்டர் டர்போ எஞ்சினும், 2020இல் வந்த முதல் புரோட்டோன் எக்ஸ்50இன் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினும் மூன்று சிலிண்டர்கள் கொண்டவை. நான்காவது சிலிண்டரை நிறுத்தி வைப்பதற்குப் பதிலாக, அதைச் செய்யாமலே விட்டுவிட்டார்கள்.

மறுப்பு சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்தையும் கேட்க வேண்டும். தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என்று ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போகும் குடும்பத்துக்கு 1 லிட்டர் எஞ்சின் திணறாதா? திணறலாம். பெரிய எஞ்சின் உண்மையாகவே தேவைப்படும் இடங்களில் சிலிண்டர் ஓய்வு நல்ல துணை. அதை நான் மறுக்கவில்லை. டர்போ எஞ்சினும் மிதியை ஓங்கி மிதித்தால் தாராளமாகக் குடிக்கும் என்பதும் உண்மை. கொள்ளளவை மட்டும் பார்க்கும் வரி, உண்மையில் எவ்வளவு பெட்ரோல் எரிகிறது என்பதை நேரடியாக அளப்பதில்லை என்பதும் உண்மை. சிறிய எஞ்சினிலேயே சிலிண்டரை நிறுத்தி ஃபோர்டு காட்டியதே என்று கேட்டால், அதுவும் சரி. நகரத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாகப் போகும்போது சிறிய எஞ்சினுக்கும் வேலை மிகக் குறைவு, அங்கே ஓய்வு பயன் தரும்.

நான் எதிர்ப்பது வேறொன்றை. தனியாக அலுவலகம் போய்வர ஒருவருக்கு 3.5 லிட்டர் கார் தேவையில்லை. ஆனால் பாதிச் சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும் என்று சொன்னவுடன், அந்தக் கார் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஒரு சிக்கனக் கருவி ஊதாரித்தனத்துக்குச் சான்றிதழாக மாறிவிடுகிறது. பொறியாளரின் திறமையைக் காட்டிப் பெரிய எஞ்சினை விற்பது அந்தத் திறமைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மிதியில் இருக்கும் தொழில்நுட்பம்

இன்னொரு செய்தி விளம்பரத்தில் வராது. ஃபோக்ஸ்வேகனின் அந்த எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் இரண்டு சிலிண்டர்களுக்கு மாறிவிடாது. தேவைப்படும் விசை ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும், சுற்று வேகமும் ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும். பாய்ந்து போய், சட்டென்று பிரேக் பிடித்து, மறுபடி பாயும் ஓட்டுநரிடம் அந்த எஞ்சின் பெரும்பாலும் நான்கு சிலிண்டர்களில்தான் ஓடும். காசு கொடுத்து வாங்கிய சிக்கனம் அவர் காலடியிலேயே நசுங்கிப்போகிறது.

இப்போது நம் முதல் கணக்குக்குத் திரும்புவோம். வேகத்தை 110இலிருந்து 100 கிலோமீட்டராகக் குறைத்தால் என்ன ஆகும்? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது 360 நியூட்டனிலிருந்து சுமார் 297 நியூட்டனாக இறங்கும். டயரின் எதிர்ப்பு ஏறக்குறைய மாறாது. மொத்த எதிர்ப்பு 490இலிருந்து சுமார் 425 நியூட்டன் ஆகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வேண்டிய ஆற்றல் 13 விழுக்காடு குறைகிறது! சுமை குறைந்தால் எஞ்சினின் திறனும் சற்றுக் குறையும் என்பதால் பெட்ரோலில் முழு 13 விழுக்காடும் மிச்சமாகாது. அப்படிக் குறையும் திறனை மீட்பதற்குத்தான் சிலிண்டர் ஓய்வு உதவுகிறது. நிதானமான காலும் உறங்கும் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று துணை. காலில்லாமல் சிலிண்டரால் தனியாக அதிகம் செய்ய முடியாது. சிலிண்டர் இல்லாமலும் காலால் நிறையச் செய்ய முடியும்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை நேரம். கோலாலம்பூரிலிருந்து பினாங்குவரை சுமார் 350 கிலோமீட்டர். 110இல் ஓடினால் 3 மணி 11 நிமிடம், 100இல் ஓடினால் 3 மணி 30 நிமிடம். வித்தியாசம் 19 நிமிடம். ஓய்வுத்தளத்தில் தே தாரிக் குடிக்கும் நேரம். அவசரத்துக்கு அந்த 19 நிமிடம் தேவைப்படும் நாட்களும் உண்டு. எல்லா நாளும் அவசர நாள் அல்ல.

நீங்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இன்று படிவம் 3இலோ உயர்நிலை 3இலோ படிக்கும் நீங்கள் இன்னும் சில ஆண்டுகளில் ஓட்டுநர் உரிமம் எடுப்பீர்கள். மலேசியாவில் 17 வயதில் எடுக்கலாம், சிங்கப்பூரில் 18. நீங்கள் சொந்தமாகக் கார் வாங்கும் காலத்தில் அது மின்சாரக் காராகவே இருக்கலாம். மின்மோட்டாருக்குத் த்ராட்டிலும் இல்லை, உறிஞ்சல் இழப்பும் இல்லை. லேசான சுமையிலும் அது பெட்ரோல் எஞ்சினைப் போல் திறனை இழந்துவிடாது. அப்போது சிலிண்டர் ஓய்வு அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும். ஆனால் காற்றின் எதிர்ப்பு அருங்காட்சியகத்துக்குப் போகாது. தேவைக்கு மேல் பெரிய பேட்டரியைச் சுமக்கும் ஆசையும் போகாது. அன்றைக்கும் ஏதாவதொரு புதிய கருவி, சிக்கனம் என்ற பெயரில் உங்கள் முன் வந்து நிற்கும்.

அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கருவி எப்போது மிச்சப்படுத்துகிறது, எப்போது செய்யாது? எவ்வளவு மிச்சப்படுத்துகிறது, அதில் ‘வரை’ என்ற சொல் எங்கே ஒளிந்திருக்கிறது? எதோடு ஒப்பிட்டால் மிச்சம்? மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். பாதியை நிறுத்தும் பெரிய எஞ்சின், நிறுத்தாத பெரிய எஞ்சினோடு ஒப்பிட்டால் சிக்கனம். பக்கத்தில் நிற்கும் சிறிய காரோடு ஒப்பிட்டால் கதை மாறிவிடும். விளம்பரம் எப்போதும் முதல் ஒப்பீட்டைத்தான் காட்டும். இரண்டாவதை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கு இந்தக் கட்டுரையில் முழுதாக இருக்கிறது. உங்கள் வீட்டுக் காரின் எடையையும் எஞ்சினின் உச்சத் திறனையும் கையேட்டில் தேடிப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் அதற்கு எத்தனை கிலோவாட் தேவை, அதனிடம் எத்தனை கிலோவாட் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். பிறகு அந்தத் தாளை அப்பாவிடமோ அம்மாவிடமோ காட்டுங்கள். அடுத்த கார் எதை வாங்குவது என்ற பேச்சு வீட்டில் எழும்போது, விற்பனையாளரின் பேச்சோடு உங்கள் கணக்கும் மேசைமீது இருக்கட்டும்.